இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட பிரேக்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையதல்ல.

ஒரு செய்தி நிறுவனத்தில் இரவு வேலை பார்த்த காலம். எங்கெங்கிருந்தோ வரும் செய்திகளைச் சுருக்கி, தலைப்பு வைத்து, அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவது வேலை. அப்படி ஒரு குட்டிச் செய்தி வந்தது. எல்லையோர ஊர் ஒன்றின் தீயணைப்பு வண்டி, பிரேக் பிடிக்காமல் பக்கத்து நாட்டுக்குள் புகுந்துவிட்டது. அங்கே எரிந்துகொண்டிருந்த தீயை அணைத்துவிட்டுத் திரும்பியது. இது விபத்தே என்று இரு நாட்டு அதிகாரிகளும் கருதுகிறார்கள். விசாரணை நடக்கிறது.

பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறது. அணைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. இந்த இரண்டு நாடுகளும் ஆற்றுத் தண்ணீரில் ஒத்துப்போகவில்லை, மீனில் ஒத்துப்போகவில்லை, வரைபடத்தில் ஒரு கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பதில்கூட ஒத்துப்போகவில்லை. ஒரு பழைய லாரியின் பிரேக்கில் ஒத்துப்போய்விட்டார்கள்.

அந்த வேலையை விட்டாயிற்று. செய்தி என்னை விடவில்லை. விசாரணை என்ன ஆனது என்று யாரும் எழுதவேயில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

தொடக்கங்கள்.

"கரும்புகை வானத்தை மூடியபோது அவள் —"

வேண்டாம். புகையில் தொடங்குகிற கதைக்குப் புகை அடங்கியதும் சொல்ல ஒன்றும் இருக்காது.

"எல்லைகளை மனிதன் போட்டான், நெருப்புக்கு ஏது எல்லை —"

இதை எழுதிய கையை நானே தட்டினேன். நெருப்புக்கு எல்லை உண்டு. காற்றும் விறகும் எங்கே தீர்கின்றனவோ அதுதான். மேடையில் பேசுகிறவர்களுக்கு மட்டும்தான் அது தெரியாது.

"மனிதநேயம் என்பது —"

இது எப்படி வந்தது என்றே தெரியவில்லை. மன்னிக்கவும்.

நெருப்பு அணைந்த பிறகு தொடங்குகிறேன். அப்போதுதான் அவளுக்குக் கஷ்டம் ஆரம்பித்தது.

3

சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத்தாள். அதன் தலையில் 'விளக்கம்' என்று எழுதிக் கீழே கோடு போட்டிருக்கிறாள். கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

அவள் எல்லையோர ஊரின் தீயணைப்பு நிலைய அலுவலர். ஆட்கள் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சைரன். அது அவளுக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு வண்டியை எல்லை தாண்டி எடுக்கச் சொன்னது அவள்தான்.

கணவன் வேலை முடிந்து வந்து, குழாயடியில் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவினான். லிஃப்ட் மெக்கானிக். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"இன்னும் தலைப்புலயேதான் நிக்குறியா?"

"பிரேக் பிடிக்கலன்னு எழுதச் சொல்லி மாவட்டத்துலேருந்து போன் மேல போன். நாளை மறுநாள் விசாரணை. கையோட கொண்டு வரணுமாம்."

"எழுதிடு. ரெண்டு வார்த்தை."

"நம்புவாங்களா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தொழில்முறையில் யோசித்தான்.

"நான் நம்ப மாட்டேன். பிரேக் போன வண்டி எல்லையத் தாண்டுது. சரி. சந்தைத் தெருவுல இடதுபக்கம் திரும்புது. சரின்னு வெச்சுக்குவோம். மரக்கடைக்கு முன்னால ரிவர்ஸ் எடுத்து, ஹோஸ் இழுக்க வாகா முதுகைக் காட்டி நின்னுச்சே, அது எப்படி? அந்த மாதிரி ஒரு பிரேக் ஃபெயிலியர் எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு. லிஃப்டுக்கு மாட்டிக்கறேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகக் கோபம் வந்தது.

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு."

"விளையாட்டு இல்லடி. உன் வேலை போனா நான் பார்த்துக்குவேன்னு சொல்ல வந்தேன். சொல்ல வர்றப்போ வாய் இப்படிப் போயிடுது."

(முதல் வரைவில் இவனைக் குடிகாரனாக வைத்திருந்தேன். சும்மா ஒரு தொல்லை இருக்கட்டுமே என்றுதான். தைரியமான பெண்ணுக்கு மோசமான கணவன் என்பது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம். இவளுக்கு இருக்கிற தொல்லை போதும்.)

4

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஊரின் கடைசித் தெரு முடிகிற இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தடுப்புக் கம்பம். அதற்கு அந்தப் பக்கம் வேறு நாடு. பேச்சு ஒன்றுதான், பணத்தாளில் இருக்கிற படம் மட்டும் வேறு. இந்தப் பக்கம் தீயணைப்பு நிலையம், ஒரு முழு வண்டியோடு. அந்தப் பக்கம் ஒரு கொட்டகை, அதில் கையால் இழுத்துப் போகிற ஒரு பம்பு. அவர்களுடைய முழு வண்டி மலைக்கு அப்பாலிருந்து வர வேண்டும்.

அந்தக் கொட்டகையின் பொறுப்பாளரை இரண்டு பக்கமும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்குச் சித்தப்பா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அந்தப் பக்கம் எரிந்தால் சட்டப்படி என்ன செய்ய வேண்டும்? அவள் மாவட்டத்தைக் கேட்க வேண்டும். மாவட்டம் தலைநகரைக் கேட்கும். தலைநகரில் ஓர் அமைச்சகம் இன்னோர் அமைச்சகத்தைக் கேட்கும். அது எல்லை தாண்டி அவர்களுடைய தலைநகருக்குப் போய், அங்கிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் கம்பத்தடிக்கு வந்து சேரும். வந்து சேரும்போது சாம்பலைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் இவர்களாக ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆட்கள் அதற்கு 'நீட்டல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டியைக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்துவது, ஹோஸை மட்டும் அந்தப் பக்கம் நீட்டுவது. சித்தப்பாவின் ஆட்கள் வாங்கி இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். மனிதன் தாண்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. தண்ணீரைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒரே சிக்கல், இந்த நாட்டு ஹோஸின் வாயும் அந்த நாட்டு ஹோஸின் வாயும் பொருந்தாது. திருகு மரை வேறு. சித்தப்பா லேத்துப் பட்டறையில் சொல்லி ஒரு பித்தளைத் துண்டு கடைந்து வாங்கினார். ஒரு முனை இவர்கள் மரை, மறுமுனை அவர்கள் மரை. இரண்டு நாடுகளுக்கும் இடையில் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்த ஒரே ஒப்பந்தம் அதுதான். உள்ளங்கையில் அடங்கும். எந்த அமைச்சருக்கும் தெரியாது.

அன்று பிற்பகல் அந்தப் பக்கத்துச் சந்தைக்குப் பின்னால் மரக்கடை தீப்பிடித்துக்கொண்டது. கடையை ஒட்டி ஒரு விடுதி. இரவு வேலை முடித்து வந்தவர்கள் பகலில் தூங்குகிற இடம். நைட் ஷிஃப்ட் ஆட்களின் தூக்கம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கதவை உடைத்தாலும் புரண்டுதான் படுப்பார்கள்.

இருந்த ஹோஸ் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மாட்டி நீட்டினார்கள். சித்தப்பா முனையைப் பிடித்துக்கொண்டு ஓடி, பாதித் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"எட்டலம்மா!" என்று கத்தினார். "எட்டவே எட்டல!"

அவள் மாவட்டத்துக்குப் போன் போட்டாள். மேலே கேட்டுச் சொல்கிறோம், லைனில் இருங்கள் என்றார்கள். லைனில் பாட்டு ஓடியது. அந்தப் பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது அவள் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"எடுங்கண்ணே."

ஓட்டுநருக்கு நிதானம் என்று பெயர். வைத்த பெயர் அல்ல, வாங்கிய பெயர். அவர் திரும்பிப் பார்த்தார்.

"எங்க மேடம்?"

"நேரா."

சித்தப்பா திரும்ப ஓடி வந்து கம்பத்தைத் தூக்கினார். எல்லைக் காவலருக்குத் திடீரென்று முகம் கழுவத் தோன்றி, காவல் கூண்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

விடுதியில் யாரும் சாகவில்லை. துண்டோடும் லுங்கியோடும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதில் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே முதல் வேலையாக அவளைத் திட்டினார், மெத்தையை நனைத்துவிட்டாள் என்று.

5

இப்போது கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் ஏன் அந்த இரண்டு வார்த்தையை எழுதாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது இதற்குள்தான் இருக்கிறது.

முன்பு ஒருமுறை அவளைப் பயிற்சிக்காக வேறொரு கண்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே எல்லையோரத் தீயணைப்பு நிலையம் ஒன்றைக் காட்டினார்கள். யார் போன் செய்தாலும், எந்த நாட்டில் எரிந்தாலும், பக்கத்தில் இருக்கிற வண்டி போகும். அதற்கு ஓர் ஒப்பந்தப் புத்தகம், செங்கல் தடிமனில். வயர்லெஸ்ஸில் எந்த மொழியில் கத்துவது, அடுத்த நாட்டில் யாருடைய ரோஜாச்செடி மேலாவது வண்டி ஏறினால் யார் பதில் சொல்வது, எல்லாம் அதில் இருந்தது. அவள் பக்கங்களைத் தடவிப் பார்த்தாள். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பயிற்சியாளரைக் கேட்டாள்.

"இந்தப் புத்தகம் இல்லேன்னா என்ன பண்ணுவீங்க?"

"போக மாட்டோம்."

"கண்ணு முன்னாடி எரிஞ்சாலுமா?"

"கண்ணு முன்னாடி எரியறப்போ யோசிக்கக் கூடாதுன்னுதானே முன்னாடியே எழுதி வெச்சிருக்கோம்."

அதே மேசையில் தீவுக் கூட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். "எங்க கதை வேற," என்றார். "புயல் வர்ற வழியில வரிசையா தீவு. இன்னைக்கு உன் கூரை, நாளைக்கு என் கூரை. அதனால எல்லாத் தீவுக்கும் சேர்த்து ஒரே கிடங்கு. யாருக்குப் பறந்துச்சோ அவன் வந்து எடுத்துக்கலாம். பாசமெல்லாம் ஒரு மண்ணும் இல்ல. பயம்."

பாலைவனப் பகுதிக்காரர் ஒருவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "எங்ககிட்ட புத்தகமும் இல்ல, கிடங்கும் இல்ல. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆபீசர் எனக்குச் சகலை. போன் போட்டா வருவான். அவன் ரிடையர் ஆயிட்டா ரெண்டு நாட்டுக்கும் உறவு முறிஞ்ச மாதிரிதான்."

எல்லோரும் சிரித்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். "உங்க பகுதியில?"

"எங்க பகுதி நாடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு தலைமையகம் இருக்கு," என்றாள். "பெரிய கட்டடம். வாசல்ல எல்லா நாட்டுக் கொடியும் பறக்கும். தலைவர்கள் வந்தா கைகோத்து நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் போட்டோவை மாட்டுவாங்க."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். பித்தளைத் துண்டைப் பற்றி அவள் சொல்லவில்லை. அந்தச் செங்கல்லுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நானும் ரொம்ப நாள், செங்கல் புத்தகம் வைத்திருக்கிறவர்கள்தான் உசத்தி என்று நினைத்திருந்தேன். இந்தக் கதையை எழுத எழுத அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு பகுதியும் எதற்குப் பயப்படுகிறதோ அதற்குத் தகுந்தமாதிரிதான் கைகொடுக்கிறது. வழக்குக்குப் பயந்தவர்கள் எழுதி வைக்கிறார்கள். புயலுக்குப் பயந்தவர்கள் சேர்த்து வைக்கிறார்கள். உறவு முறை கெட்டுவிடுமோ என்று பயந்தவர்கள் போனை எடுக்கிறார்கள். அவள் பகுதியில் இருக்கிற பயம் விசித்திரமானது: உதவி செய்கிறார்கள் என்று யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அங்கே நல்லதையும் திருட்டுத்தனமாகத்தான் செய்ய வேண்டும்.

இப்போது அந்த வெள்ளைத்தாளுக்கு வாருங்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதினால், அன்று நடந்தது எதுவுமே நடக்கவில்லை என்றாகிவிடும். யாரும் போகவில்லை, ஒரு வண்டி உருண்டுவிட்டது, அவ்வளவுதான். உருண்ட வண்டியை வைத்துக்கொண்டு நாளைக்கு யாரும் ஒப்பந்தம் பேச முடியாது. "நான் போனேன்" என்று எழுதினால், அது என்றைக்காவது ஒரு செங்கல் புத்தகத்தின் முதல் வரியாகலாம்.

ஆகாமலும் போகலாம். வேலை மட்டும் நிச்சயமாகப் போகும்.

6

இந்த இடத்தில் எனக்கே அவள் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருந்தால் எழுதுகிறவன் பொய் சொல்கிறான் என்று அர்த்தம்.

யோசித்துப் பார்த்தேன். கம்பம் மேலே எழும்பி வண்டி அதன் அடியில் புகுந்தபோது அவளுக்கு என்ன இருந்தது? கடமை உணர்ச்சியா? இல்லை. குஷி. பள்ளிக்கூடச் சுவர் ஏறிக் குதித்த குஷி. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாதபோதும் சைரனை முழுசாக அலறவிட்டாள். உண்மையை எழுத வேண்டும் என்று அவள் துடிப்பதில் பாதி, அதைச் செய்தது தான்தான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஒரு பிரேக் வந்து அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

இப்போது நம்புகிறேன்.

போன் அடித்தது. சித்தப்பா.

"என்னம்மா, எழுதியாச்சா?"

"இல்ல சித்தப்பா."

"நான் எழுதிக் குடுத்துட்டேன். வண்டி வந்த வேகத்துக்கு, கம்பம் ஒடைஞ்சு யார் மண்டையிலயாவது விழுந்துடுமேன்னு தூக்கிவிட்டேன்னு. நிதானம் தலையை வெளிய நீட்டி, 'பிரேக் இல்ல, பிரேக் இல்ல'ன்னு அலறினாருன்னும் சேர்த்திருக்கேன்."

"நிதானம் அண்ணன் அலறினாரா? அவர் கல்யாணத்தன்னைக்கே மூணு வார்த்தைக்கு மேல பேசலையாம்."

"படிக்கறவன் நம்பணும்ல. கொஞ்சம் சத்தம் வேணும்."

(இவர் என்னைவிட நன்றாக எழுதுகிறார்.)

அவள் தாளைப் பார்த்தாள். "சித்தப்பா, நான் உள்ளதை உள்ளபடி எழுதிட்டா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"உன்னைத் தூக்கி அடிப்பாங்க. கொஞ்ச நாள் கழிச்சு நல்ல பொண்ணும்பாங்க," என்றார். "என் கதை வேறம்மா. அந்நிய நாட்டு அரசாங்க வண்டிக்குக் கம்பம் தூக்கினவன்னு ஆயிடும். எங்க பக்கம் அதுக்குத் தனியா சட்டம் இருக்கு. நானும் தேடிப் பார்த்தேன், அதுல நெருப்பைப் பத்தி ஒரு வரி இல்ல."

"ஜெயிலா?"

"உள்ள வெச்சா சாப்பாடாவது போடுவாங்க. அதை விடு. உனக்கு எது சரின்னு படுதோ எழுது. ஆனா எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடு, சட்டையெல்லாம் துவைச்சு வெச்சுக்கறேன்."

7

ஆக, உண்மை சித்தப்பாவை விழுங்கும். பொய்யை எழுதுவதுதான் புத்திசாலித்தனம் என்று அவளும் ஒரு முடிவுக்கு வந்தாள். நானும் வந்தேன். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அவள் நிலையத்துக்குப் போனபோது முற்றத்தில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

தினமும் காலையில் நிதானம் செய்கிற வேலை அது. வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, வேகம் பிடித்து, முற்றத்தின் குறுக்கே போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டில் முன்சக்கரத்தை நிறுத்திக் காட்டுவார். கோட்டை விட்டு விரல் அகலம் தள்ளி நின்றாலும் மறுபடி எடுப்பார். ஆட்கள் பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள். "அண்ணே, கோடு அழிஞ்சுடப் போகுது, பாவம்!" என்பார்கள்.

அன்றும் சக்கரம் கோட்டின் மேல் கச்சிதமாக நின்றது.

"அண்ணே," என்றாள். "இந்த வண்டிக்குப் பிரேக்கே இல்லன்னு ரெண்டு நாடும் சொல்லுது. நீங்க இங்க கோட்டுல நிறுத்திக் காட்டிட்டிருக்கீங்க."

"பழக்கம் மேடம்."

"நாளைக்குப் பிரேக் பிடிக்கலன்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

"குடுங்க."

"காலையில யாரு செக் பண்ணினதுன்னு கேப்பாங்க."

"நான்தான்னு சொல்லுவேன்."

"ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டாங்க. ஸ்டோர் ரூம்ல போட்டு, பழைய ஹோஸை எண்ண விட்டுடுவாங்க."

"தெரியும்."

இறங்கினார். கதவைச் சாத்தினார். அதையும் நிதானமாகத்தான் சாத்தினார். போகப் போனவர் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். பிரேக் போச்சுன்னு எழுதிக்கங்க. நான் பார்க்காம விட்டுட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க."

அது எப்படி முடியும் என்று அவள் கேட்கவில்லை. பிரேக் போயிருந்தால் பார்க்காமல் விட்டவர் அவர்தான். அவர் வேண்டுவது நடக்க வழியில்லை. அவருக்கும் அது தெரியாமலில்லை.

8

முடிவுகள். கிழித்துப் போட்டவை.

அவள் உண்மையை எழுதி நீட்டுகிறாள். அறை நிசப்தமாகிறது. மூத்த அதிகாரி மெல்ல எழுந்து நின்று —

யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். ஏசி ரிமோட் எங்கே என்று தேடுவார்கள்.

அவள் பொய்யை எழுதுகிறாள். அடுத்த மாதமே அந்தப் பக்கம் இன்னொரு தீ. இந்த முறை கம்பம் பூட்டியிருக்கிறது. கம்பிக்கு அப்பால் ஒரு குழந்தையின் —

இல்லை. ஒரு பாடத்தை நிரூபிப்பதற்காகக் குழந்தையை எரிக்கிற வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

பல ஆண்டுகள் கழித்து, அதே கம்பம் இருந்த இடத்தில் இரு நாட்டுக் கூட்டுத் தீயணைப்பு நிலையம். திறப்பு விழாவில் சித்தப்பாவும் அவளும் —

பேராசை.

எல்லாம் போன பிறகு மிஞ்சியது விசாரணை அறை மட்டும்தான். சரி, அங்கேயே போவோம்.

9

நகராட்சிக் கூட்ட அறை. இரண்டு தலைநகரங்களிலிருந்தும் ஆளுக்கொரு அதிகாரி. காலையில் அங்கே ஒரு சின்னப் போர் நடந்திருந்தது: போட்டிருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றுக்குக் கைப்பிடி இருந்தது, மற்றதற்கு இல்லை. கைப்பிடி எந்த நாட்டுக்கு? கடைசியில் பியூன் இரண்டையும் எடுத்துவிட்டு, வேறு இரண்டைக் கைப்பிடி இல்லாமல் கொண்டுவந்து போட்டான். இப்போது இருவரும் ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. நான் எவ்வளவோ முயன்றும் அவர்களைக் கெட்டவர்களாக ஆக்க முடியவில்லை.

"உட்காருங்கம்மா," என்றார் அவள் நாட்டு அதிகாரி. "பயப்பட ஒண்ணுமில்ல. நாங்க ரெண்டு பேரும் பேசியாச்சு. விபத்து. டைப் பண்ணி வெச்சிருக்கோம். நீங்க ஒரு கையெழுத்து, நாங்க ஆளுக்கொரு கையெழுத்து. முடிஞ்சுது."

அந்த நாட்டு அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அந்த விடுதியில இருந்தவங்க சார்பா உங்களுக்கு நன்றி சொல்லணும் மேடம். ஆனா இதை நான் சொல்லலை."

"நானும் கேக்கலை," என்றார் இவர். இருவரும் சிரித்தார்கள்.

அவள் தாளைப் படித்தாள். சித்தப்பா சொன்ன அலறல்கூட அதில் இருந்தது. கடைசி வரி: ஓட்டுநர் தினசரிச் சோதனையில் கவனக்குறைவாக இருந்திருக்கக்கூடும்.

"சார், அடுத்த தடவை எரிஞ்சா?" என்று கேட்டாள்.

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"அடுத்த தடவையும் பிரேக் பிடிக்காம போகட்டும்," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

"நாங்க புரிஞ்சுக்குவோம்," என்றார் அவர்.

அவளுக்குத் தெரிந்தது. இது ஓர் ஒப்பந்தம். இந்த இருவரும் தங்களால் கொடுக்க முடிந்த அதிகபட்சத்தைக் கொடுத்துவிட்டார்கள். செங்கல் தடிமன் இல்லை, பித்தளைத் துண்டு அளவுகூட இல்லை. சாத்திய அறைக்குள் சொன்ன ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அது வேலை செய்யும். இந்த இருவருக்கும் இடமாற்றம் வருகிற வரைக்கும் வேலை செய்யும்.

"அப்போ ஒவ்வொரு தடவையும் ஒரு டிரைவரை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பணுமே சார்?"

அவர்களுக்குப் புரியவில்லை.

"பிரேக் போச்சுன்னா டிரைவர் பார்க்கலன்னுதானே ஆகும். எத்தனை டிரைவர் இருக்காங்க எங்ககிட்ட?"

"அது உள் நிர்வாகம்மா. அப்புறமா பார்த்துக்கலாம்," என்றார் இவர். பேனாவை அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

அவள் பேனாவை எடுத்தாள். கடைசி வரியைக் கோடு போட்டு அடித்தாள். அந்த நாட்டு அதிகாரி "மேடம், மேடம்" என்று பாதி எழுந்தார். அவள் நிமிரவில்லை. டைப் அடித்ததற்குக் கீழே, கோணலாக, கையால் எழுதினாள்:

ஓட்டுநர் அன்று காலை பிரேக்கைச் சோதித்தார். நன்றாக இருந்தது. எல்லைக்கு வந்தபோது பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் போயிருப்பேன்.

கீழே கையெழுத்துப் போட்டாள். தாளைத் திருப்பி, அவர்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

10

நான் இங்கே நிறுத்துகிறேன்.

அவளால் ஆனது அவ்வளவுதான். கம்பத்தைத் தூக்கியவரின் பொய்யைத் தொடவில்லை. நிதானம் கேட்டதை எப்படியோ கொடுத்துவிட்டாள். வேலை இருக்குமா என்பது இனி அவள் கையில் இல்லை. அந்தத் தாளுக்கு இரண்டு கையெழுத்தும் வேண்டும். ஒன்று மட்டும் விழுந்தால், போட்டவர் தன் நாட்டில் மாட்டிக்கொள்வார். இரண்டும் விழாவிட்டால் கசக்கிப் போட்டுவிட்டு வேறொன்று டைப் அடிக்கலாம்; கம்ப்யூட்டரில் பிரதி இருக்கிறது. இரண்டும் விழுந்துவிட்டால், "பிடித்திருந்தாலும் போயிருப்பேன்" என்ற வாக்கியம் இரண்டு தலைநகரங்களிலும் இரண்டு அலமாரிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை யாராவது என்றைக்காவது எடுத்துப் படித்துவிட்டு, சரி, பிடிக்கிற பிரேக்கோடு போவதற்கு என்ன வழி என்று கேட்கலாம்.

அந்த அதிகாரிகள் போடுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் ஏமாற்று. அதனால் ஒரு நாற்காலியைக் காலி செய்து உங்களுக்கு விடுகிறேன். எந்த நாட்டு நாற்காலி என்று பார்க்காதீர்கள்; இரண்டுக்கும் கைப்பிடி இல்லை.

தாள் உங்கள் முன்னால் இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் போட்டால் அவரும் போடுவார் என்றுதான் நினைக்கிறேன். உங்களைப் பற்றி அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.